லோகோ சித்தர்

சித்தர்கள் மலையேறுவது தமிழ்நாட்டில் புதிதல்ல. சதுரகிரி, கொல்லிமலை, பருவதமலை என்று அவர்களுக்கு நிலையான விலாசங்களே உண்டு. ஜவ்வாது மலைக்கு இப்போது வந்துபோகிறவர் புது ரகம். தாடி உண்டு, ஜோல்னாப் பை உண்டு, சட்டென்று விளங்காத பேச்சும் உண்டு. இரும்பைப் பொன்னாக்கும் வித்தை மட்டும் கிடையாது. அதற்குப் பதிலாக, 60 ரூபாய்ப் பொட்டலத்தை 240 ரூபாய்ப் பொட்டலமாக்கும் வித்தை வைத்திருக்கிறார். விசிட்டிங் கார்டில் ‘பிராண்ட் கன்சல்டன்ட்’. நாம் சுருக்கமாக லோகோ சித்தர் என்போம்.

இவர் ஒற்றை ஆள் இல்லை, ஓர் இனம். 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. சபை அறிவித்தாலும் அறிவித்தது, சாமைக்கும் தேனுக்கும் அடையாளம் கொடுக்கப் புறப்பட்டவர்களின் தொகை கூடிவிட்டது. ஜவ்வாது மலைக்காரர்களோ ஐ.நா. சபை பிறப்பதற்கு முன்பிருந்தே சாமை விதைக்கிறார்கள். புளி, தேன், கடுக்காய், சீதாப்பழம் என்று மலை கொடுப்பதையெல்லாம் கூடையில் வைத்து விற்கிறார்கள். இவ்வளவு காலம் அடையாளமே இல்லாமல் எப்படிப் பிழைத்தார்கள் என்பது சித்தருக்கு ஆச்சரியம்.

வெள்ளிக்கிழமை இரவு சென்னை ஓ.எம்.ஆரில் லேப்டாப்பை மூடினால், சனிக்கிழமை காலை போளூர் வழியாக ஜமுனாமரத்தூரில் இறங்கிவிடுவார். செம்புப் பாட்டில், கோடு போடாத நோட்டு, கஞ்சி போடாத கதர்ச் சட்டை. சட்டை கசங்கியிருப்பது தற்செயல் இல்லை; கசங்கிய நிலையிலேயே விற்கும் கடையில் வாங்கியது.

காவலூர் வானாய்வகத்துக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை இவர் கண்ணில் படுகிறது. கடைக்காரர் மலையில் பிறந்த இளைஞர். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். வானாய்வகத்தில் சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுவார்கள். வானம் தெளிவாக இருந்தால் இரவில் சின்னத் தொலைநோக்கி வழியாக நட்சத்திரமும் காட்டுவார்கள். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் கடை. கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருக்கிறது: யுரேனஸ் வடை, ராமானுஜன் போண்டா, பௌர்ணமி தோசை, தேய்பிறை டீ.

விளையாட்டுப் பேர்கள்தான், ஆனால் காரணப் பேர்கள். யுரேனஸ் கோளுக்கு வளையம் உண்டு என்று 1977-இல் உலகம் தெரிந்துகொண்டபோது, அன்றைக்கு அந்தக் கோளைக் கவனித்த ஆய்வகங்களில் காவலூரும் ஒன்று. உளுந்து வடையின் ஓட்டையும் வளையமும் அந்த ஞாபகத்தில் வந்தவை. 1988-இல் காவலூரில் கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பேரை வைத்தார்கள். மேடும் பள்ளமுமாக உருண்டு வரும் போண்டாவுக்கு அதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்குமா? தேய்பிறை டீ என்றால் அரை கிளாஸ்.

சித்தர் பெஞ்சில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“பிரதர், உங்க ‘வொய்’ என்ன?”

“வாய்தான் சார். பேசாம ஒக்காந்திருந்தா எவன் வருவான்?”

சித்தர் அதை நோட்டில் குறித்துக்கொண்டார். ஆழமான பதில் என்று தோன்றியிருக்க வேண்டும்.

“சரி, உங்க கடை ஒரு மனுஷனா இருந்தா, அவர் எப்படி இருப்பார்?”

“கடன்ல இருப்பாரு சார்.”

இரண்டு டீ குடித்தபின் தீர்ப்பு வந்தது: “எல்லாம் சிதறிக் கிடக்கு. கோஹெஷன் இல்லை.” வானம் என்ற ஒரே நூலில் கடை மொத்தத்தையும் அந்தப் பையன் கோத்திருந்ததை, அந்த வானத்துக்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

முதல் கட்டம், மூட் போர்டு. தெர்மக்கோல் அட்டையில் காய்ந்த இலை, கடுக்காய், தேனடைத் துண்டு, நாலைந்து சாமைக் கதிர் எல்லாவற்றையும் ஒட்டி, “இதுதான் உங்க ஆன்மா” என்று சொல்லித் திண்ணையில் சாய்த்து வைத்தார். ஆன்மாவின் பாதியை இரவில் எறும்பு எடுத்துக்கொண்டது. மீதியைக் காலையில் ஆடு தின்றது. அந்தத் திட்டத்திலேயே முழு மனதோடு ஏற்றுக்கொள்ளப்பட்ட பகுதி அதுதான்.

அடுத்தது நிறம். சித்தருக்குச் சிவப்பு, பச்சை என்று சொல்ல வராது. ‘முதல் மழை மண்’, ‘உறங்கும் பாறை’, ‘தேனீயின் தயக்கம்’ என்பார். திருவண்ணாமலை அச்சகத்துக்காரர் அதைக் கேட்டுவிட்டு, “பிரவுன், கிரே, மஞ்சள், மூணு கலர். சொல்லிட்டுப் போங்களேன்” என்றாராம்.

பிறகு லோகோ. தமிழ்நாட்டில் எந்த மலையாக இருந்தாலும் சித்தர் கையில் அது இரண்டு முக்கோணம்தான். ஏலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் ஜவ்வாதுக்கும் அதே இரண்டு முக்கோணம், நடுவே ஒரு சூரியன், கீழே ஒரு கதிர். கடைக்காரரின் ஆயா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“இது இன்னா கண்ணு, கோதுமைக் கதிரா?”

“சாமை, ஆயா.”

“சாமை இப்பிடியா நெட்டுக்குத்தலா நிக்கும்? அது விரிஞ்சு தலை சாயும் கண்ணு.”

கணினியில் விலைக்குக் கிடைத்த கதிர் அது ஒன்றுதான் என்பதைச் சித்தர் சொல்லவில்லை. “இது குறியீடு ஆயா” என்றார்.

மலைவாழ் மக்களின் அடையாளம் வேண்டும் என்று கடைச் சுவரில் சாந்து நிறத்தில் குச்சி மனிதர்களை வட்டமாக ஆடவிட்டார். அது மகாராஷ்டிரத்து வார்லி ஓவியம். ஜவ்வாது மலையில் கல்திட்டைகள் இருக்கின்றன. அடிவாரத்துச் செங்கம் பக்கம் நடுகற்கள் ஏராளம். தொல்லியல் துறை 1972-இலேயே அவற்றைப் பற்றித் தனிப் புத்தகம் போட்டிருக்கிறது. ஆனால் அவற்றைப் பார்க்க வெயிலில் நடக்க வேண்டும். வார்லி தரவிறங்கி வந்துவிடுகிறது.

புகைப்படப் படலம் தனி. ஆயாவின் உள்ளங்கையில் சாமையைக் குவித்து, “முகம் வேண்டாம், சுருக்கம் மட்டும் போதும்” என்றார். பிளாஸ்டிக் வளையலைக் கழற்றச் சொன்னார். மடியிலிருந்து செல்போன் அடித்தபோது, “அது ஃபிரேம்ல வேணாம் ஆயா” என்றார். வெயில் சாயும்வரை நின்ற ஆயா, “களை எடுக்கப் போயிருந்தா இந்நேரம் அரை நாள் கூலி வந்திருக்கும்” என்று கை நீட்டினார். சித்தர் அதையும் படம் எடுத்துக்கொண்டார்.

பேர் வைப்பதிலும் இந்த இனத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மண், வேர், விதை, ஆதி, காடு என்று ஏழெட்டுச் சொற்கள்தான் இருப்பு. அவற்றைத்தான் மாற்றி மாற்றி எல்லாக் கடைக்கும் சூட்டுவார்கள். ‘மலைச் சாமை’ என்று மட்டும் வைத்து உரிமை கொண்டாடவும் வழியில்லை. பொருளின் தன்மையையோ பிறந்த இடத்தையோ சொல்லும் வெறும் சொல்லைத் தனி ஒருவர் சொத்தாகப் பதிவு செய்ய 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம் எளிதில் இடம் கொடுக்காது. அந்தக் கணக்கில் பார்த்தால், பதியத் தகுதியான பேர் ‘யுரேனஸ் வடை’தான். சிறு தொழில் என்றால் இணையத்தில் 4,500 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் 10 ஆண்டுக்குக் கவலையில்லை. சித்தர் அதைக் கரும்பலகையிலிருந்து அழித்துவிட்டு, ‘கைவினைப் பருப்பு வளையம்’ என்று எழுதினார். கடைக்கு வைத்த பேர் ‘வேர்’. அதையும் ஆங்கிலத்தில், எறும்பு அளவு சின்ன எழுத்தில். தமிழ் முதலில், பெரிதாக, 5:3:2 என்ற விகிதத்தில் பெயர்ப்பலகை இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டு விதி சொல்கிறது என்றபோது, “அது என் கிரிட்டை உடைக்கும்” என்று வருந்தினார்.

சாமைப் பொட்டலம்தான் உச்சம். முன்பக்கம், ‘ஒவ்வொரு பருக்கையிலும் ஒரு மலை மூச்சு விடுகிறது’. பின்பக்கம் வெறுமை. நிகர எடை, அடைத்த தேதி, அதிகபட்ச விலை, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் எதுவும் இல்லை. கேட்டதற்கு, “விஷுவல் கிளட்டர்” என்றார். மலை மூச்சு விடலாம், கிலோ எவ்வளவு என்று சொல்லக் கூடாது. தவிடு நீக்காத சாமையில் எண்ணெய்ச் சத்து உண்டு. நாள்பட்டால் காறல் வாடை வரும். அடைத்த தேதி அதற்காகத்தான். ஆயா ஒரு பொட்டலத்தைப் பிரித்து முறத்தில் கொட்டிப் புடைத்தார். நாலு கல் வந்தது.

“மொதல்ல இத எடுக்கச் சொல்லு. அப்புறம் படம் ஒட்டலாம்.”

பலகை மாறியபின் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு சிறுவன் அப்பாவின் கையை இழுத்துக்கொண்டு வந்தான். “யுரேனஸ் வடை எங்கப்பா?” பலகையில் இல்லை. அப்பா ‘கைவினைப் பருப்பு வளையம்’ என்பதை இரண்டு முறை வாசித்துவிட்டு, பக்கத்துக் கடைக்கு நடந்தார்.

சித்தரை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. மூட்டையாக மலையிறங்கும் சாமை, எந்த ஆலையில் எந்த ஊர்ச் சாமையோடு கலந்தது என்றே தெரியாமல் பேரை இழக்கிறது. விளைவித்தவருக்குக் கிடைப்பது மூட்டை விலை. பேரும் சின்னமும் போட்ட பொட்டலம் கூடுதல் காசை மலைக்குத் திருப்பும் என்பது உண்மை. மலையின் பழங்குடி விவசாயிகள் உற்பத்தியாளர் நிறுவனம் அமைத்துத் தாங்களே அடைத்து விற்கப் புறப்பட்டதும் அதனால்தான்.

சின்னம் போடுவது எப்படி என்பதைச் சிவகாசிக்காரர்கள் எப்போதோ காட்டிவிட்டார்கள். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். பின்னால் அந்த ஊர் அச்சடித்துக் குவித்த லேபிள்களில் சேவல், அணில், மயில் என்று எல்லாம் வந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கடையில் போய் “அணில் மார்க்கு குடு” என்று கேட்கலாம். வாங்குகிறவர் வாயில் நுழைவதற்காகப் பிறந்த படங்கள் அவை. சித்தரின் லோகோ, அடுத்த வாடிக்கையாளருக்குக் காட்டும் அவருடைய ஆல்பத்தில் நுழைவதற்காகப் பிறக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒருங்கிணைந்த அடையாளம் என்பது கோப்பை, பை, பில் எல்லாவற்றுக்கும் ஒரே பிரவுன் அடிப்பது இல்லை. போன மாதம் வாங்கிய சாமையில் கல் இல்லாதது போலவே இந்த மாதமும் இல்லாமல் இருப்பது. முறம் வைத்திருக்கும் ஆயாதான் அந்தக் கடையின் பிராண்ட் மேனேஜர். அவருக்குத்தான் சம்பளம் பாக்கி.

அடுத்த முறை மலைப் பொருள் என்று எதையாவது வாங்கினால், முன்பக்கத்துக் கவிதையைப் படித்து உருகுவதற்கு முன் பொட்டலத்தைத் திருப்புங்கள். எடை, தேதி, 14 இலக்க எண், அடைத்தவர் விலாசம் நான்கையும் தேடுங்கள். விலாசம் ஜமுனாமரத்தூர் என்றிருந்தால் தாராளமாகக் காசைக் கொடுங்கள். ஓ.எம்.ஆர். என்றிருந்தால், மலைக்கு எவ்வளவு போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.