அஞ்சறைப் பெட்டியில் மதியச் சோறு

(அவிநாசியப்பர் கோயில் வெளிமண்டபம்; ஞாயிற்றுக்கிழமை மாலை. பனியன் கம்பெனி முதலாளியும் தனியார் பள்ளியொன்றின் பெற்றோர் சங்கத் தலைவருமான கனவான், ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளரான ஓர் அம்மையாரைக் காண்கிறார்.)

முதலாளி: வணக்கமுங்க அம்மா. எங்கள் பள்ளிக் குழந்தைகள் மதிய போஜனத்திற்கு எதைக் கொண்டுவரலாம், எதைக் கொண்டுவரலாகாது என்று பன்னிரண்டு விதிகளை இயற்றி, சங்கத்தாரின் ஏகமனதான சம்மதத்தோடு நாளை பிரகடனம் செய்யவிருக்கிறேன்.

அமைப்பாளர்: நல்ல காரியமுங்க. முதல் விதி யாதோ?

முதலாளி: வெள்ளை அரிசிச் சோறு விலக்கு, தென்னமெரிக்கத் தானியமான கினோவா விசேஷம். பெட்டிக்கு ஐந்து அறைகள், அறைக்கொரு வர்ணம்.

அமைப்பாளர்: ஆண்டீஸ் மலையில் பிறந்த தானியத்திற்கு அறை ஒதுக்கும் தாங்கள், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்துடைய நம் ராகிக்கும், ஐக்கிய நாடுகள் சபையே 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டென்று கொண்டாடிய பின்பு நம் காட்டுக் கம்புக்கும், ஒரு மூலையேனும் அருளலாகாதா?

முதலாளி: அருளலாம், ஆனால் நிறம் மங்கல், படத்தில் எடுபடாது. தாய்மார் தினந்தோறும் பெட்டியைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் இடவேண்டும் என்பது ஐந்தாம் விதி.

அமைப்பாளர்: மாலையில் திரும்பிவரும் பெட்டியைப் படமெடுக்க விதி உண்டுங்களா? தட்டுக் கழுவுமிடத்தில் கொட்டிக் கிடப்பதைப் பார்த்தே அன்றைய சாம்பாரின் யோக்கியதையை நிர்ணயித்தவள் நான். அரிசிம்பருப்புச் சோற்றோடு முருங்கைக்கீரைப் பொரியலும், கீரையின் இரும்புச் சத்து உடலில் ஒட்டுவதற்கு ஒரு நெல்லிக்காயும் வைத்துக் கொடுத்தால், வர்ணம் குறைந்தாலும் பாத்திரம் காலியாகத் திரும்பும்.

முதலாளி: தங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆயினும் இலவசச் சாப்பாட்டில் விஞ்ஞானம் ஏதுங்க?

அமைப்பாளர்: கோவையில் 1957ஆம் ஆண்டு அவினாசிலிங்கம் செட்டியார் தொடங்கிய மனையியல் கல்லூரியிலே ராஜம்மாள் தேவதாஸ் அம்மையார் போஷாக்கு சாஸ்திரத்தைப் போதித்தாரே, அந்த விஞ்ஞானந்தானுங்க. அதற்கும் முந்தியதொரு விஞ்ஞானம் உண்டு: பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது. அதை உணர்ந்தே 1920இல் சென்னை ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிட்டி தியாகராயர் காலத்து நகரசபையாரும், 1956இல் காமராஜரும், 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆரும் உலையேற்றினார்கள். மதியச் சோறு மட்டும் போதவில்லையென்று 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவும் தொடங்கியது. காரணம் தெரியுமுங்களா?

முதலாளி: தாய்மாரின் அசிரத்தையாக இருக்கும்.

அமைப்பாளர்: அந்த அசிரத்தைக்காரிகளில் சிலர் தங்கள் கம்பெனியில்தான் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறார்கள். விடியுமுன் எழுந்து, கணவனுக்கொன்று, பிள்ளைக்கொன்று, தனக்கொன்றென மூன்று போசிகளை நிரப்பிவைத்து, எட்டரை மணிக்குள் மெஷினில் அமர்ந்து, ஒன்றரை ஷிப்டு முடிந்து இரவு எட்டுக்கு மேல் வீடு திரும்பும் அவளுடைய போசியில் மட்டும் நேற்றைய சோறு. இடையே பசித்தால் டீயும் பன்னும். அந்த டீயோ, உணவோடு சேர்ந்தால் உள்ள இரும்புச் சத்தையும் உடம்பில் சேரவொட்டாது.

முதலாளி: ஏற்றுமதி ஆர்டர் காத்திருக்குமுங்களா? கப்பல் தேதி தவறினால் என் பெட்டியே காலியாகிவிடும்!

அமைப்பாளர்: ஆகவே அவள் பெட்டி காலியாகலாம் என்கிறீர்கள். பன்னிரண்டு விதிகளோடு பதின்மூன்றாவதாக, சமைக்கிறவளுக்குச் சற்றே ஓய்வும், உட்கார்ந்து உண்ண அரை மணியும் தருவதாக ஒன்றைச் சேர்த்தால், கினோவா இல்லாமலே ஊரின் ஆரோக்கியம் பாதி தேறிவிடுமுங்க.

முதலாளி: (நெகிழ்ந்து) அம்மா, என் கண்களைத் திறந்தீர்கள்! நாளைக்கே என் தொழிலாளிப் பெண்களுக்கு ஏற்பாடு செய்கிறேன். சமச்சீர் உணவின் மகத்துவத்தைப் பற்றி நிபுணர் ஒருவரைக் கொண்டு வாரந்தோறும் உபந்நியாசம்!

அமைப்பாளர்: வேலை நேரத்திலுங்களா?

முதலாளி: உற்பத்தி கெடலாமா? மதிய இடைவேளையில்தான்.