உண்ணிச் சட்டத்துக்கு ஒரு பாமர உரை

பாயிரம்

இரண்டடிக் குறளுக்குப் பத்துப் பேர் உரை எழுதிய மொழி நம்முடையது. ஐந்தே பிரிவில் ஒரு சட்டத்தை யாத்துத் தந்த துரைமாரை மட்டும் உரையில்லாமல் விட்டுவிட்டோம். அந்தக் குறையை இன்று தீர்க்கிறேன்.

நூலின் பெயர்: கால்நடை இறக்குமதிச் சட்டம், 1898-ஆம் ஆண்டின் 9-ஆம் சட்டம். காலம்: வைஸ்ராய் எல்ஜின் பிரபுவின் ஆட்சி. கேட்போர்: துறைமுகத்துச் சுங்க அதிகாரிகள். கேட்கப்படாதோர்: உழவர்கள். நூற்பயன்: பட்டாளத்துக் குதிரைகளின் ஆரோக்கியம்.

நூல் எழுந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். நம்மை அடக்கி வைத்திருந்த பட்டாளத்துக்குக் குதிரை வேண்டியிருந்தது. அது ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி வந்தது. நியூ சௌத் வேல்ஸ் குதிரை என்பதால் அதற்கு ‘வேலர்’ என்று பெயர். சென்னையிலும் கல்கத்தாவிலும் கரை இறங்கும். ஓசூரில் அதற்கென்று பட்டாளத்துப் பண்ணையே இருந்தது. 1872-இல் ஜாவாப் பக்கத்து மாடுகளோடு டார்வினில் இறங்கிய உண்ணி, மெல்ல நகர்ந்து 1890-களில் குயின்ஸ்லாந்துக்குள் புகுந்தது. அந்த உண்ணி குதிரை முதுகேறி இந்தியாவுக்கு வந்துவிட்டால்? சில ஆண்டுகளிலேயே சட்டம் பிறந்தது. நம் அரசாங்கம் மந்தமானது என்று யார் சொன்னது?

முதல் சூத்திரம்

பெயரும் எல்லையும். சட்டம் எந்த நாட்டுக்கு என்று சொல்கிறது. எந்த நாட்டார் நலனுக்கு என்று சொல்லவில்லை. இதற்கு மேல் உரை தேவையில்லை.

இரண்டாம் சூத்திரம்

இதுதான் நூலின் உயிர்நிலை. எது கால்நடை, எது நோய் என்று இங்கேதான் வகுக்கிறார்கள். கால்நடை எனப்படுவது குதிரை, மாடு, ஒட்டகம், செம்மறி. வரிசையைக் கவனியுங்கள். இந்த நாட்டை உழுது, நீர் இறைத்து, போரடித்து, வண்டியிழுத்து, கிஸ்தியும் சம்பாதித்துக் கொடுத்த பிராணி குதிரைக்குப் பின்னால் நிற்கிறது.

நோய்ப் பட்டியல் இன்னும் சுவையானது. உண்ணி, அடைப்பான், கிளாண்டர்ஸ், ஃபார்சி, சொறி. இதில் கிளாண்டர்ஸும் ஃபார்சியும் குதிரைக்கு வரும் ஒரே நோயின் இரண்டு வேஷங்கள். மூக்கிலும் நெஞ்சிலும் வந்தால் ஒரு பெயர், தோலில் கட்டியாக வந்தால் இன்னொரு பெயர். இரண்டுக்கும் கிருமி ஒன்றே என்பது 1880-களிலேயே தெரிந்த செய்தி. ஆக, குதிரையின் ஒரு நோய்க்குப் பந்தியில் இரண்டு இலை.

வெக்கைக்கு? ஊர் ஊராகத் தொழுவங்களைக் காலி செய்த வெக்கை நோய்க்கு, ஆங்கிலத்தில் ரிண்டர்பெஸ்ட் என்று துரைமாரே நடுங்கிய அந்த மாட்டுக் கொள்ளைநோய்க்கு, ஒரு இலையும் இல்லை. ‘அரசாங்கம் அறிவிக்கும் ஏனைய நோய்கள்’ என்றொரு திண்ணை கடைசியில் இருக்கிறது. வேண்டுமானால் வெக்கை அங்கே காத்துக் கிடக்கலாம்.

வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் சட்டம்தானே, உள்ளேயே இருக்கும் வெக்கை இதில் எதற்கு என்று நியாயவான்கள் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. உள்ளே இருந்ததற்குத் துரைமார் என்ன செய்தார்கள் என்று அந்த நியாயவான்களே சொல்லட்டும். அல்லது நான் சொல்கிறேன்.

1865 மே மாதம் பால்டிக் கரையிலிருந்து மாடு ஏற்றிய ஒரு கப்பல் இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்துக்கு வந்தது. ஜூனில் லண்டன் பால்மாடுகள் வெக்கையில் விழுந்தன. 1866 பிப்ரவரியில் பார்லிமென்ட் சட்டம் போட்டுவிட்டது. நோய் கண்ட மாட்டைக் கொல், மாட்டுக்காரனுக்கு நஷ்டஈடு கொடு, போக்குவரத்தை நிறுத்து. ஒரு வருஷம் முடிவதற்குள் இத்தனையும். நோய் ஓடியே போயிற்று. ஆகவே என்ன செய்ய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. மாடு ஆங்கில மாடாக இருந்தால் போதும், ஞானம் உடனே பிறக்கும்.

இங்கே 1869-இல் கமிஷன் போட்டார்கள். தலைவர், பட்டாள மிருக வைத்தியர் ஹாலன். 1871-இல் தடித்த அறிக்கை வந்தது. நோய் இன்னது, பரவும் விதம் இன்னது, பிரித்துக் கட்ட வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். எழுதியவரை அரசாங்கம் கைவிடவில்லை. மாட்டுக் கொள்ளைநோயைக் கரைத்துக் குடித்த அதே ஹாலனைக் குதிரை வளர்ப்புக்குத் தலைமை அதிகாரியாக வைத்தது. அறிக்கை அலமாரிக்கு, ஆசிரியர் லாயத்துக்கு. 1879-இல் கிளாண்டர்ஸுக்கும் ஃபார்சிக்கும் தனிச் சட்டம் வந்தது. வெக்கைக்கு நாடு தழுவிய சட்டம் வரவில்லை.

சென்னை ராஜதானிக்கு 1866-லேயே மாட்டு நோய்ச் சட்டம் இருந்ததே என்று ஞாபகப்படுத்துவார்கள். இருந்தது. மிருக வைத்தியம் சொல்லித் தர வேப்பேரியில் கல்லூரி வந்தது 1903-இல். சட்டத்துக்கும் கல்லூரிக்கும் இடையில் முப்பத்தேழு வருஷம். அதுவரை சட்டப் புத்தகத்தை அரைத்து மாட்டின் வாயில் ஊற்றச் சொன்னார்களோ என்னவோ. ஏர் ஓய்ந்தாலும் கிஸ்தி ஓயுமா? அதற்கு மட்டும் தாசில்தாரும் மணியக்காரரும் கர்ணமும் முப்பத்தேழு வருஷமும் தவறாமல் வேலையில் இருந்தார்கள்.

மூன்றாம் சூத்திரம்

நோய் தொற்றக்கூடிய கால்நடை இறங்குவதைக் கட்டுப்படுத்தலாம், தடுக்கலாம். 1878-ஆம் ஆண்டின் கடல் சுங்கச் சட்டம் தந்த அதிகாரத்தை இங்கேயும் எடுத்தாளலாம். உள்ளே வருவதற்குக் காவல் பலம்தான். வெளியே போவதைப் பற்றி நூலாசிரியர் வாய் திறக்கவில்லை.

1887-இல் இத்தாலியப் பட்டாளத்துக்காக மசாவாத் துறையில் மாடுகள் இறங்கின. அவை இந்தியாவிலிருந்து போனவை என்றும், ஆப்பிரிக்காவுக்கு வெக்கை அவற்றோடுதான் போனது என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். எத்தியோப்பியாவில் பத்தில் ஒன்பது மாடு செத்தது என்பது அவர்கள் கணக்கு. மாட்டைத் தொடர்ந்து மனிதர்கள் செத்தார்கள். 1892 வரை பஞ்சம். 1896-இல் நோய் சாம்பெசி நதியைத் தாண்டியது. அங்கே பிரிட்டிஷார் கண்ட வைத்தியம் முள்வேலியும் துப்பாக்கியும். கேப் காலனி ஆட்கள் ஆப்பிரிக்கரின் மாடுகளைச் சுட்டுத் தள்ள, 1897-இல் லாங்கேபெர்க் மலையில் கலகம் மூண்டது. கலகத்தை அடக்கி, நிலத்தைப் பறித்து, பிடிபட்ட குடும்பங்களைக் கட்டாயக் கூலிகளாக வெள்ளையர் பண்ணைகளுக்கு அனுப்பினார்கள். மாடு போயிற்று, மண் போயிற்று, மனிதனும் போனான். இந்த மூன்றும் நடந்து முடிந்த மறு வருஷம் எழுதிய சட்டத்தில்தான் சொறிக்கு இடமிருக்கிறது, வெக்கைக்கு இல்லை!

நான்காம் சூத்திரம்

வந்திறங்கும் பிராணியை நிறுத்தி வைக்க, சோதிக்க, கிருமி நீக்க, கொல்ல விதி செய்யலாம். பிராணியை மட்டுமா? அதன் தீவனம், சாணம், லாயத்து வைக்கோல், போர்வை, சேணம் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. மீறினால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம். சீமைக் குதிரையின் சாணத்துக்கு விதி வகுக்கும் அளவுக்கு நுணுக்கமான மூளை, எருதை இழந்தவன் மறு போகத்துக்கு எதைக் கட்டி உழுவான் என்று யோசிக்கும்போது மட்டும் மழுங்கிப்போவது எப்படி?

ஐந்தாம் சூத்திரம்

இந்தச் சட்டத்தின்படி நல்லெண்ணத்தோடு செய்த, செய்ய நினைத்த எதற்காகவும் எவர் மீதும் வழக்கு இல்லை. இதற்கு முந்தைய வருஷம், 1897-இல், மனிதர்களுக்காகப் போட்ட கொள்ளைநோய்ச் சட்டத்திலும் இதே காப்பு உண்டு. அந்தச் சட்டத்தின் பேரால் வீடு புகுந்து சோதித்தவனுக்கும், இந்தச் சட்டத்தின் பேரால் கப்பல் புகுந்து சோதித்தவனுக்கும் ஒரே கவசம். குடிகளையும் குதிரைகளையும் அரசாங்கம் சமமாக நடத்திய இடம் இது ஒன்றுதான். இரண்டுக்கும் கோர்ட்டுக்குப் போக வழி கிடையாது.

பின்னுரை

இது பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. வெள்ளையர் போன பிறகும் இந்த நூல் போகவில்லை. 2001-இல் கால்நடைப் பொருள்களையும் சேர்த்துத் திருத்தி வைத்துக்கொண்டோம். 2023-இல் இதற்கு மாற்றாக ஒரு வரைவு வந்தது. உயிருள்ள பிராணியைச் சரக்காக்கிவிட்டார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். வெக்கையை ஒழிக்க 1954-இல் இந்தியா தொடங்கிய வேலை பலித்தது. 2011-இல் உலகமே அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். நோய் செத்தது, அதைப் பெயர் சொல்லாமல் விட்ட சட்டம் சாகவில்லை.

துரைமார் வீட்டுப் பிராணிக்காகச் சட்டம் எழுதியதில் எனக்கு வியப்பில்லை. கொள்ளையடிக்க வந்தவன் குதிரையைத்தான் கவனிப்பான். நம்மவர்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை இந்த நூலைப் புரட்டியிருப்பீர்களே, ஐந்தாம் சூத்திரத்தை மட்டும் ஏன் ஒருவரும் கிழிக்கவில்லை? அது நாற்காலிக்கு எழுதிய சூத்திரம். உட்காரும் ஆள் மாறினால் அவருக்கு ஏன் வலிக்கப்போகிறது?