கிராப் சென்சாருக்கு மீன்கண் வாய்க்குமாறு

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், கிராப் சென்சார் கேமரா வைத்திருப்போர் மீன்கண் லென்ஸ் தேர்ந்தெடுக்கும் முறைமை உணர்த்துதல் நுதலிற்று. அஃது இன்றியமையாத பொருளோ எனின், அன்று. இன்றியமையாதவற்றை ஆராய வேறு அறிஞர் நிரம்ப உளர்.

இத்துறையின் முதலாசிரியர் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட். தண்ணீருக்குள்ளிருந்து அண்ணாந்து பார்க்கும் மீனுக்கு, மேலே உள்ள உலகம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டச் சன்னலுக்குள் சுருங்கித் தெரியும். அதைப் படமெடுக்க வுட் ஒரு வாளியின் அடியில் புகைப்படத் தகட்டை வைத்து, அதற்கு மேல் ஊசித்துளை பொருத்தி, தண்ணீரையும் ஊற்றினார். 1906இல் கட்டுரையும் வெளியிட்டார். அடுத்து வந்தவர் கேம்பிரிட்ஜின் ராபின் ஹில். 1920களில் முழு வானத்து மேகங்களையும் ஒரே தகட்டில் பிடிக்கும் லென்ஸ் செய்தவர். பள்ளித் தாவரவியலில் ‘ஹில் வினை’யால் மதிப்பெண் இழந்தவர்கள் சந்தேகப்பட வேண்டாம், அவரேதான். வாளிக்கும் வானத்துக்கும் ஏற்பட்ட இச்சாத்திரம் கல்யாண மண்டபத்துக்கு இறங்கி வந்த வரலாறு தனி ஆய்வுக்குரியது.

இனி மாணாக்கன் வினவுவான்: “ஃபுல் ஃபிரேமுக்குச் செய்த 15 மி.மீ. மீன்கண் செகண்ட் ஹேண்டில் மலிவாக வருகிறதே, மாட்டினால் ஆகாதோ?” ஆகாது. ஃபுல் ஃபிரேமில் மூலைக்கு மூலை 180 பாகை காட்டும் அதே கண்ணாடி, கிராப்பில் 110 பாகை சுமாருக்கு வந்து நின்றுவிடும். வளைவும் முழுதாக வராது, கோடும் நேராக நிற்காது. பார்ப்பவர் லென்ஸில் பழுது என்றே முடிவுகட்டுவார்.

ஃபுல் ஃபிரேமில் வட்டப் படம் தரும் 8 மி.மீ. இன்னும் விசேஷம். அது விழுத்தும் வட்டத்தின் விட்டம் 22 மி.மீ. சொச்சம், கிராப் சென்சாரின் உயரமோ 16 மி.மீ.க்கும் குறைவு. மேலும் கீழும் சீவிய இட்லியாகப் படம் விழும், நான்கு மூலையிலும் இருட்டு. ஆனால் சாம்யாங்கின் எஃப்/3.5 லென்ஸிலும் 8 என்றுதான் எழுதியிருக்கிறது. அது கிராப்புக்கென்றே செய்ததால் மூலைவரை நிரப்பும்: நிக்கானில் 180 பாகை, சற்றே சிறிய கேனான் சென்சாரில் 167. ஆகவே எழுதிய எண் பிரமாணம் அன்று, விழும் வட்டமே பிரமாணம். கடைக்காரர் எண்ணை மட்டும்தான் சொல்வார்.

“சாம்யாங்கில் ஆட்டோஃபோகஸ் இல்லையே” என்பது அடுத்த தடை. எஃப்/8இல் வைத்து அரை மீட்டருக்கு ஃபோகஸ் செய்துவிட்டால், ஒரு முழத்துக்குள் இருப்பது தொடங்கி அடிவானம் வரை தெளிவு. பிறகு மோட்டாருக்கு என்ன வேலை? நிக்கானின் 10.5 மி.மீ.யும் நல்ல லென்ஸ்தான். ஆனால் அதற்குள் மோட்டார் கிடையாது, டி3000, டி5000 வரிசை உடல்களில் அதையும் கையால்தான் திருகவேண்டும். முழு வட்டமே வேண்டும் என்பார்க்கு சிக்மா 4.5 மி.மீ. உண்டு. எத்தனை வட்டப் படத்தை ஆல்பத்தில் ஒட்டுவார்கள் என்பதை அவரவரே எண்ணிக்கொள்க.

மண்டபத்தில் மீன்கண்ணின் இலக்கணம் தெளிவாக விளங்கும். படத்தின் நடுப்புள்ளி வழியே செல்லும் கோடு மட்டுமே நேராக நிற்கும். மேடையின் விளிம்பை நடுவில் வைத்தால் நேர்; கேமரா விரற்கடை அண்ணாந்தால் மேடை நடுவில் தொய்யும், குனிந்தால் கூன் போடும். ஓரத்துத் தூண்கள் வெளிப்புறமாகப் புடைத்து நிற்கும். சாதாரண வைட் லென்ஸில் ஓரத்தில் நிற்கும் பெரியப்பா அகலமாகிவிடுவார். பெரும்பாலான மீன்கண்களில் ஒடுங்கிச் சாய்வார். சாம்யாங்கின் வடிவமைப்பு ஸ்டீரியோகிராஃபிக் முறையைச் சார்ந்ததால் ஓரத்து முகம் அவ்வளவாக நசுங்காது. சாய்வது மட்டும் எதிலும் தப்பாது.

முடிபு: கடலுக்குள் இறங்குவோர் டோகினா 10-17 மி.மீ. ஜூமை வாங்குக, நீர்மூழ்கிப் படக்காரர்கள் அதைக் கொண்டாடுவது காரணத்தோடுதான். நாளை ஃபுல் ஃபிரேமுக்கு மாறும் எண்ணமும் பணமும் உள்ளோர்க்குக் கேனான் 8-15. கிராப்பில் மூலை இருளாமல் ஜூமைத் தடுக்க அதிலேயே ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது. ஏனையோர்க்குச் சாம்யாங் 8 போதும். இன்னும் ஐயமிருந்தால் ஒரு முகூர்த்தத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். டிரைபாட் கால்களை மட்டும் ஒடுக்கி வையுங்கள், அவையும் படத்தில் விழும்.