பத்தடிப் பேனருக்கு ஒன்பது புள்ளி

டேப்லெட் வாங்கியாயிற்று. பேனாவும் வாங்கியாயிற்று. இலவச எழுத்துரு நூற்று நாற்பது இறக்கியாயிற்று, அதில் தமிழ் இரண்டு. பினாங்கு லிட்டில் இந்தியாவில் மாமா கடைக்கு முப்பரிமாண எழுத்தில் தீபாவளிப் பேனர் செய்து தருவதாக வாயும் விட்டாயிற்று. இனி நான் சொல்கிறபடி செய்யுங்கள். பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருப்பீர்கள்.

1. அளவு கேட்காதீர்கள். இன்ஸ்டாகிராமுக்குப் பழகிய 1080 பிக்சல் சதுரத்தையே திறங்கள். மாமாவுக்கு வேண்டியது பத்தடிப் பேனர். 120 அங்குலத்தில் 1080ஐப் பரப்பினால் அங்குலத்துக்கு ஒன்பது புள்ளி. அச்சுக்கடைக்காரர் கோப்பைத் திறந்து உங்களை ஒருமுறை பார்ப்பார். "ஓகே லா, போடுங்க அங்கிள்" என்று சொல்லிவிடுங்கள்.

2. முகப்பு, பக்கவாட்டு, நிழல், பின்னணி எல்லாம் ஒரே லேயரில். லேயர் பிரிப்பவன் கோழை. 'வாழ்த்துகள்' முடிந்து தங்க நிறமும் காய்ந்த பிறகு மாமா வருவார், "க் எங்கடா?" என்பார். 'வாழ்த்துக்கள்' என்று மாற்றுங்கள். பிறகு தமிழாசிரியர் ஒருவர் கடைக்கு வருவார். மறுபடி எடுங்கள்.

3. எழுத்தை நகலெடுத்து, பின்னால் சற்றுச் சாய்வாக நகர்த்தி, மூலைகளைக் கோடிட்டு இணைத்து, நடுவில் அடர்நிறம் நிரப்புவது பழைய முறை. எல்லா எழுத்தும் ஒரே பக்கம் சாய்ந்தால் என்ன சுவாரசியம்? 'தீ' வலப்பக்கம், 'பா' இடப்பக்கம், 'வ' கீழே. புரோகிரியேட் செயலியில் மூன்று மறைபுள்ளி வரை வைக்கலாம். மூன்றையும் வையுங்கள், ஒன்றையும் மதிக்காதீர்கள்.

4. தடிமன் தாராளமாக இருக்கட்டும். ஆங்கில E-க்கு நாலு குச்சிதான், எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். நம் எழுத்தோ சுழியில் வாழ்கிறது. 'கொண்டாட்டம்' எழுதி, 'ண்' தன் சுழிகளை இழக்கும்வரை இழுங்கள். புள்ளியையும் விடாதீர்கள். அதற்கும் ஆழம் கொடுத்தால் எழுத்தின் தலையில் அழகான புகைபோக்கி முளைக்கும். தமிழ் தெரியாத மென்பொருளில் தட்டச்சினால் 'கொ'வின் கொம்பு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். கவலை வேண்டாம், அதற்கும் ஆழம் கொடுங்கள்.

5. வெளிச்சம். இதில்தான் உங்கள் திறமை முழுசாகத் தெரியும். 'தீ'க்கு மேலிருந்து, 'ளி'க்குக் கீழிருந்து, நடுவில் உள்ளவற்றுக்குத் தோன்றிய இடத்திலிருந்து. ஒரே ஒரு எச்சரிக்கை: வேலை முடியும்வரை வெளியே போகாதீர்கள். கடைத்தெருவில் அஞ்சடி நடைபாதைத் தூண்களில் சுண்ணாம்புச் சாந்தால் புடைத்து நிற்கும் பழைய பெயர்களைப் பார்க்க நேரும். காலை பத்து மணிக்கு அத்தனை நிழலும் ஒரே பக்கம் விழுந்திருக்கும். குயின் தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் பக்கமும் வேண்டாம். கோபுரத்துப் பொம்மைகள் எத்தனை நிறம் பூசினாலும் சூரியனோடு மாறுபடுவதில்லை. ஆர்மேனியன் தெருவுக்குப் போயே தீர வேண்டுமென்றால் செல்ஃபி மட்டும் எடுங்கள். 2012இல் ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் அங்கே பிள்ளைகளைச் சுவரில் வரைந்து, நிஜ சைக்கிளை அதில் பொருத்தினார். சைக்கிளின் நிஜ நிழலுக்கு முதுகைக் காட்டி நின்று சிரியுங்கள்.

6. இன்னும் தட்டையாகவே தெரிகிறதா? வெள்ளைப் பளபளப்புக் கோடு போடுங்கள். அதற்கு மேல் இன்னொன்று. நட்சத்திரம்.

7. பேனர் தொங்கியாயிற்று. எதிர்ச்சாரிக் கோப்பிக்கடையில் தே தாரிக்கோடு உட்காருங்கள். போகிறவர்கள் நின்று படிப்பார்கள், கிட்டே போய்ப் படிப்பார்கள், பிறகு உள்ளே போய் மாமாவிடம் கேட்பார்கள். வியாபாரத்துக்கு நல்லது.

8. அடுத்த தீபாவளிக்கு மாமா ஆண்டை மட்டும் மாற்றித் தரச் சொல்வார். "அஞ்சு நிமிஷ வேலை" என்று சொல்லிவிட்டுக் கோப்பைத் திறங்கள். ஒரே லேயர்.