வாசகர் கேள்வி, வம்பு பதில்

தாம்பரத்தில் டாஸ்மாக் எங்கே என்றால் பத்துப் பேர் வழி காட்டுகிறார்கள். குடியை விட்டவர்கள் கூடும் இடம் கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லையே? (சேலையூர் வாசகர்)

கேட்ட இடம் டாஸ்மாக் வாசலா? 14446-ஐக் கேட்டுப் பாருங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண், கட்டணம் இல்லை.

குடியை விட்டவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குக் கட்டணம் எவ்வளவு? (குரோம்பேட்டை வாசகர்)

ஒரு குவார்ட்டரைவிட மலிவு. அதாவது, ஒன்றுமில்லை. குடியை விடவேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. முழுப் பெயர், ஜாதகம் எதுவும் கேட்கமாட்டார்கள்.

குடிகாரனுக்குக் குடிகாரனா புத்தி சொல்வது? (பல்லாவரம் வாசகர்)

1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸே அப்படித்தான் ஆரம்பித்தது. ஆரம்பித்தவர்கள் இருவர்: பில் பங்குத் தரகர், பாப் அறுவை சிகிச்சை டாக்டர். இருவருமே மொடாக்குடியர்கள். சேர்ந்து பேசிப் பேசியே குடியிலிருந்து விலகி நின்றார்கள், சாகும்வரை தொடவில்லை.

நாளைக்கே அடியோடு நிறுத்திவிட்டுக் கூட்டத்துக்குப் போகிறேன், சரியா? (பெருங்களத்தூர் வாசகர்)

வழியில் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள். தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்கென்றே, குடிக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, அடையாறு இந்திரா நகரில் இருக்கிறது.

கணவர் வரமாட்டேன் என்கிறார். நான் மட்டும் போய் என்ன பயன்? (வண்டலூர் வாசகி)

குடிப்பது அவர், தள்ளாடுவது நீங்கள்! குடும்பத்தாருக்கென்றே ‘அல்-அனான்’ கூட்டங்கள் உண்டு. அவர் திருந்தும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.