சிறுவயது நாயகனுக்குப் பத்துக்கு எத்தனை?

எங்கள் கல்லூரியில் எழுத்துப் பயிற்சி என்று ஒரு பேப்பர் உண்டு. நடத்துவது அடியேன். மாணவர்கள் வாரம் ஒரு புத்தகம் படித்து ஒரு பக்கம் எழுத வேண்டும். அந்த நோட்டுக்கு வாசிப்புக் குறிப்பேடு என்று பெயர். தேர்வுக்கு 75, இன்டர்னலுக்கு 25. அந்த 25இல் 10 இந்த நோட்டுக்கு. மார்க் உண்டு என்று அறிவித்த நிமிடமே நோட்டிலிருந்து உண்மை வெளிநடப்புச் செய்துவிட்டது.

திருத்த உட்கார்ந்தால் புத்தகங்கள்தாம் வேறு வேறு, கருத்து ஒன்றே. எல்லா நூலும் மனித வாழ்வின் பன்முகத்தன்மையைச் சிறப்பாகச் சித்திரித்தன. ஒரு மாணவர் இதையே சமையல் குறிப்புப் புத்தகத்துக்கும் எழுதியிருந்தார். வத்தக்குழம்பில் பன்முகத்தன்மை இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டிக் போட்டேன். பாதி வகுப்பு கலாமின் ‘அக்கினிச் சிறகுகள்’ படித்திருந்தது. அத்தனை பேரும் ராமேஸ்வரத்தைப் பற்றி உருகியிருந்தார்கள். தும்பா ஏவுதளம் வரைக்கும் ஒருவரும் வந்து சேரவில்லை.

அடுத்து, ‘என் சிறுவயது நாயகர்’ என்ற தலைப்பில் கட்டுரை. முதலிடம் கலாம், இரண்டாமிடம் அம்மா, மூன்றாமிடம் விவேகானந்தர். ஐந்து வயதில் விவேகானந்தரே கதி என்று கிடந்த பிள்ளைகள் நாட்டில் இவ்வளவு பேர் இருந்திருந்தால், குழந்தைகளுக்காக 2007இல் தொடங்கிய சுட்டி டிவியை 2008இல் இழுத்து மூடியிருப்பார்கள்.

ஆகவே அதே தலைப்பில் இன்னொரு முறை எழுதச் சொன்னேன். மார்க் கிடையாது, பெயரும் போட வேண்டாம் என்றேன். அவ்வளவுதான், மடை உடைந்தது. கார்ட்டூன் சிறுமி டோரா வந்தாள், சோட்டா பீம் லட்டுவோடு வந்தான், ஜாக்கி சான் தமிழ் பேசிக்கொண்டே நாற்காலியால் நாலு பேரை அடித்தார். ஒரு கட்டுரையின் நாயகர் மின்வாரிய லைன்மேன். 2012இல், சென்னையைத் தாண்டினால் பாதி நாள் கரண்ட் இருக்காத காலத்தில், டோராவை எந்த மலைப்பாதையிலிருந்தும் மீட்டுக்கொண்டு வரக்கூடியவர் அவர் ஒருவரே என்பது கட்டுரையாளரின் வாதம். எழுதியவர் யாரென்று தெரியாது. தெரிந்திருந்தால் தங்க மெடலுக்குச் சிபாரிசு செய்திருப்பேன்.

“சார், உங்க ஹீரோ யாரு?” என்று கடைசி பெஞ்ச் கேட்டது. இரும்புக்கை மாயாவி என்றேன். வகுப்பு என்னை அனுதாபத்தோடு பார்த்தது. விளக்க வேண்டியதாயிற்று. 1962இல் ‘வேலியண்ட்’ என்ற பிரிட்டிஷ் வாரப் பத்திரிகையில் பிறந்தவர், நிஜப் பெயர் லூயி கிராண்டெல், ஆய்வுக்கூட உதவியாளர். வலக்கை போய் இரும்புக்கை வந்தது. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். படம் வரைந்த ஹெஸூஸ் பிளாஸ்கோ ஸ்பெயின்காரர். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளியிட்ட முதல் இதழே மாயாவிதான். ஆங்கிலத்தில் ஆரம்பத்தில் அவர் வில்லன், பிறகுதான் திருந்தி உளவாளி ஆனார். இந்த விவரம் எனக்குத் தெரிய வந்தபோது எனக்கே நரை விழுந்திருந்தது. அதற்குப் பின் கட்சி மாற முடியுமா?

மாயாவியைப் பின்பற்றி நானும் ஒருநாள் ஈரக்கையோடு பிளக் பாயின்டைத் தொட்டேன். நான் மறையவில்லை. அம்மா கண்ணுக்கு முழுசாகத் தெரிந்தேன். அம்மாவின் கைதான் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவு வேகம். “2012இல் உங்க மாயாவி தமிழ்நாட்டுக்கு வந்திருந்தா வேலைக்கே ஆகாது சார், ஷாக் அடிக்கக் கரண்ட் வேணுமே” என்றார் ஒரு மாணவி. லைன்மேன் கட்டுரை யாருடையது என்று அப்போது லேசாகப் புரிந்தது.

எங்கள் துறைத் தலைவருக்குத் தமிழ்வாணனின் சங்கர்லால். எந்தச் சிக்கல் வந்தாலும் சங்கர்லால் தேநீர் குடிப்பார், பிறகு துப்பறிவார். எங்கள் துறைத் தலைவர் முதல் பாதியை அப்படியே கடைப்பிடிக்கிறார்.

நாயகர்களை யாரும் ஒழுக்கம் பார்த்துப் பொறுக்குவதில்லை. எனக்கு மாயாவியைத் தேர்ந்தெடுத்தவர் வாடகை நூல்நிலையக்காரர். இவர்களுக்கு டோராவைத் தேர்ந்தெடுத்தது கேபிள்காரர். கைக்கு எட்டியவரை நாயகராக்கிக்கொண்டோம். கௌரவமான நாயகர்கள் எல்லாம் மார்க் வந்த பிறகு வந்தவர்கள்.

மார்க் கிடையாது என்ற அதே விதியைக் குறிப்பேட்டுக்கும் வைத்தேன். புத்தகம் யார் கொடுத்தது, எந்தப் பக்கத்தில் தூக்கம் வந்தது, எந்த இடத்தில் கலைந்தது, அதை மட்டும் எழுதினால் போதும். பன்முகத்தன்மைக்குத் தடை. நோட்டுகளுக்கு உயிர் வந்துவிட்டது. ஒருவர் ஒரு நாவலை 43ஆம் பக்கத்தில் மூடிவைத்த காரணத்தை மூன்று பக்கம் எழுதியிருந்தார். நாவலை விட அது நன்றாக இருந்தது. இன்னொருவர் கடைசியில் தும்பாவுக்கே போய்விட்டார். மாதா கோயிலின் பிரார்த்தனைக் கூடத்தில் ஆய்வுக்கூடம், பிஷப்பின் அறையில் ராக்கெட் டிராயிங் என்று படித்ததும் எழுந்து உட்கார்ந்தாராம். “நம்ம லேபுக்கு அது எவ்வளவோ மேல்” என்று முடித்திருந்தார்.

அலுவலகத்துக்கு மட்டும் இந்த ஞானோதயம் எட்டவில்லை. பத்துக்கு எத்தனை என்று கேட்டு மெமோ வந்தது. தூக்கத்துக்கு எப்படி மார்க் போடுவது? டோராவின் வழியைப் பின்பற்றினேன். அவள் கேள்வி கேட்பாள், கண்ணைக் கொட்டிக்கொண்டு காத்திருப்பாள், எதிரே உட்கார்ந்திருப்பவர் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாலும் சரியான விடை கிடைத்துவிட்டதாகப் பூரித்து அடுத்த ஆற்றைக் கடந்துவிடுவாள். எல்லாருக்கும் பத்துக்கு ஒன்பது போட்டேன். அந்த ஒரு மார்க்கைப் பிடித்துக்கொண்டது, நானும் நோட்டைப் படித்தேன் என்று அலுவலகம் நம்ப வேண்டுமே என்பதற்காக.