தனக்குத் தானே பிள்ளை பெறும் யந்திரம்

1952-ஆம் வருஷம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கலாசாலையில், வெற்றிடக் குழல்களின் தயவில் இயங்கிக் காட்டிய எண்வழி வெட்டு யந்திரம், இன்று உள்ளங்கையில் அடங்கும் ஆர்டுயினோ பலகையின் அனுக்கிரகத்தால் கிருகஸ்தர்களின் கார் ஷெட்டுகளிலும் சி.என்.சி. ரௌட்டராக அவதரித்திருக்கிறது. சுற்றுக்கு 200 படி வைக்கும் ஸ்டெப்பர் மோட்டார், சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகுதண்டைச் சுழற்றினால் படி ஒன்றுக்கு 0.04 மில்லிமீட்டரே நகருமென்று நம் கிருகஸ்தர் சாஸ்திரோக்தமாக நிரூபிப்பார். அந்தச் சூட்சுமத்தைத் தாங்கவேண்டிய சட்டமோ எம்.டி.எஃப். பலகையாதலால், கத்தி மரத்தைத் தொட்ட மாத்திரத்தில் அருள் வந்ததுபோல் ஆடத் தொடங்கும். பரிகாரம், அலுமினியச் சட்டமுள்ள இரண்டாவது யந்திரம். அதன் பாகங்களை இந்த ஆட்டக்கார யந்திரமே வெட்டித் தருமாம்! மனையாள் கேட்ட புத்தக அலமாரியா? அது, அந்த இரண்டாவது யந்திரம் பெறப்போகும் மூன்றாவதின் பொறுப்பு.